கணினிக்குள் ஒரு காவலர்

ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகில் விக்டோரியா அரசியார் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அரசியார் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைவுற்றதை 1897ஆம் ஆண்டில் கொண்டாடினர். அதன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்னும் கணக்கில் 60 அடி உயரத்தில் இக்கூண்டு எழுப்பப்பட்டது. கட்டுமானப் பணி 1902ஆம் ஆண்டில் முடிவுற்றது.

இந்தக் கடிகாரம் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் முகப்பைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் அதை அறிய முடியாது. முட்கள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். மணி மூன்று என்றே காட்டும். அவ்வழியே செல்பவர் ஒருவர் தம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் உண்மை வெளிப்படும். நின்றுபோன கடிகாரம், தான் நின்றுவிட்டதைத் தானே சொல்லாது. வேறொரு கடிகாரம்தான் அதைச் சொல்ல வேண்டும்.

கணினிக்கும் இது பொருந்தும். பாடக் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திடீரெனத் திரை உறைந்துபோவதைப் பலரும் கண்டிருப்பர். சுட்டி நகராது, விசைகளை அழுத்தினாலும் எழுத்து தோன்றாது. வீட்டுக் கணினியாக இருந்தால் பொத்தானை அழுத்தி மீண்டும் இயக்கிவிடலாம். ஆனால், இரவு இரண்டு மணிக்கு ஆளில்லாத அறையில் இயங்கும் வங்கி வழங்கியோ மருத்துவமனை வழங்கியோ உறைந்துபோனால் அதை யார் கவனிப்பார்? இவ்வினாவிற்கு விடையாகத்தான் இயங்குதளத்தின் உள்ளேயே ஒரு காவல் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

கெர்னல் என்பது யாது?

கணினியின் மூளை எனப்படும் செயலியைப் பினாங்கு மக்கள் நன்கு அறிவர். 1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் பாயான் லெப்பாஸில் தன் ஆலையைத் தொடங்கியது. அன்றுமுதல் இங்குள்ள பலர், தமிழர்கள் உட்பட, செயலிகளையும் மின்னணுச் சில்லுகளையும் பொருத்தும் பணியிலும் சோதிக்கும் பணியிலும் ஈடுபட்டு வருகின்றனர்.

ஆயினும், செயலி மட்டும் இருந்தால் போதாது. அதற்கு வேலைகளைப் பகிர்ந்து கொடுக்க ஒரு மென்பொருள் தேவை. இயங்குதளத்தின் நடுப்பகுதியில் இருந்து இப்பணியைச் செய்வதே கெர்னல். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. எந்த வேலை எப்பொழுது செயலியைப் பயன்படுத்தலாம், நினைவகத்தில் எதற்கு எவ்வளவு இடம், வட்டில் எதை எழுதலாம் என்பவற்றையெல்லாம் கெர்னலே முடிவு செய்கிறது.

1991ஆம் ஆண்டில் பின்லாந்தைச் சேர்ந்த மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கெர்னலை வெளியிட்டார். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி முதல் பெரிய வழங்கிகள் வரை லினக்ஸ் இயங்குகிறது. காவல் ஏற்பாடு எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறிய லினக்ஸ் நல்ல எடுத்துக்காட்டாகும்.

இருவகை முடக்கம்

ஓர் அஞ்சலக முகப்பைக் கற்பனை செய்வோம். வாடிக்கையாளர்கள் எண் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கின்றனர். அலுவலர் ஒவ்வோர் எண்ணாக அழைக்கிறார். செயலியின் ஒவ்வோர் உள்ளகமும் இத்தகைய ஒரு முகப்பே. வேலைகள் முறை வைத்து வந்து, சிறிது நேரம் அதைப் பயன்படுத்திவிட்டு விலகுகின்றன.

முகப்பில் இருப்பவர் ஒரே வாடிக்கையாளரின் வேலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணை அழைக்காமலே இருந்தால் என்னவாகும்? வரிசை அப்படியே நின்றுவிடும். எனினும், தொலைபேசி ஒலித்தால் அவர் எடுத்துப் பேசுகிறார். கெர்னலில் இத்தகைய நிலை ஏற்படுவதை மென்முடக்கம் எனலாம். கெர்னலின் நிரலில் உள்ள பிழையால் ஓர் உள்ளகம் ஒரே சுழற்சியில் சிக்கிக்கொள்கிறது. பிற வேலைகளுக்கு இடம் தருவதில்லை. ஆயினும், வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளுக்கு மட்டும் செவிசாய்க்கிறது. குறுக்கீடு என்பது, 'கையிலுள்ளதைச் சற்று நிறுத்திவிட்டு என்னைக் கவனி' என்று வன்பொருள் செயலிக்கு அனுப்பும் சமிக்ஞை ஆகும்.

இன்னொரு நாள் அதே அலுவலர் தொலைபேசி இணைப்பையும் துண்டித்துவிட்டு வேலையில் மூழ்கிவிடுகிறார். இப்பொழுது வரிசையும் நகரவில்லை, அழைப்பும் எட்டவில்லை. இதுவே வன்முடக்கம். குறுக்கீடுகளையும் மறுத்துவிட்ட நிலையில் உள்ளகம் சிக்கிக்கொள்வதால் இது மென்முடக்கத்தைவிடக் கடுமையானது.

காவல் எவ்வாறு நடைபெறுகிறது?

முற்காலத்தில் ஜார்ஜ் டவுனின் வங்கிகளிலும் கிடங்குகளிலும் இரவுக் காவலர்கள் இருந்தனர். மலாய்ச் சொல்லைக் கொண்டு அவர்களை 'ஜாகா' என மக்கள் அழைத்தனர். காவலர் விழித்திருக்கிறாரா, உறங்கிவிட்டாரா என்பதை முதலாளி எவ்வாறு அறிவது? இதற்கெனப் பல நாடுகளில் காவலர் கடிகாரம் என்னும் கருவி பயன்பட்டது. கட்டடத்தின் வெவ்வேறு மூலைகளில் சாவிகள் கட்டப்பட்டிருக்கும். காவலர் சுற்றி வரும்போது ஒவ்வொரு சாவியையும் தம் கையிலுள்ள கடிகாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும். உள்ளிருக்கும் தாளில் நேரம் பதிவாகிவிடும். பதிவு விட்டுப்போயிருந்தால் அந்நேரத்தில் காவலர் சுற்றி வரவில்லை என்பது மறுநாள் தெரிந்துவிடும்.

லினக்ஸ் கெர்னலும் ஏறக்குறைய இம்முறையையே பின்பற்றுகிறது. இதற்கு வாட்ச்டாக், அதாவது காவல்நாய், என்பது பெயர். ஒவ்வோர் உள்ளகத்திலும் 4 வினாடிக்கு ஒருமுறை ஒரு கடிகாரக் குறுக்கீடு எழுகிறது. அது ஒரு சிறு வேலையை எழுப்பிவிடுகிறது. அந்தச் சிறுவேலை செய்வது ஒன்றே ஒன்றுதான்: 'நான் இந்நேரத்தில் ஓடினேன்' என்று நேரத்தைக் குறித்து வைக்கிறது. உள்ளகம் சிக்கிக்கொண்டால் சிறுவேலைக்கு முறை வராது, குறிப்பும் புதுப்பிக்கப்படாது. குறிப்பு 20 வினாடிக்கு மேல் பழையதாகிவிட்டால், மென்முடக்கம் ஏற்பட்டுள்ளது என்று கடிகாரக் குறுக்கீடு எச்சரிக்கை எழுதிவிடும்.

வன்முடக்கத்தில் அந்தக் கடிகாரக் குறுக்கீடே உள்ளே நுழைய முடியாது. ஆகவே, யாராலும் மறுக்க முடியாத தனிவகைக் குறுக்கீடு ஒன்று பயன்படுத்தப்படுகிறது. தொலைபேசியைத் துண்டித்துவிட்ட அலுவலரும் தீ எச்சரிக்கை மணியைக் கேட்டே ஆக வேண்டும் அல்லவா? அதைப் போன்றது இது. செயலியின் வன்பொருளே ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை இக்குறுக்கீட்டை எழுப்பும். கடிகாரக் குறுக்கீடு எத்தனை முறை வந்தது என்னும் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று அது பார்க்கும். கூடவில்லை என்றால் வன்முடக்கம் எனப் பதிவு செய்யும்.

இத்தகைய குறுக்கீட்டு வசதி எல்லாச் செயலிகளிலும் இல்லை. அதனால், 2023ஆம் ஆண்டில் மற்றொரு முறையும் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அதன்படி ஓர் உள்ளகம் அடுத்த உள்ளகத்தைக் கவனிக்கிறது. அது அதற்கடுத்ததைக் கவனிக்கிறது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

வரம்பை முடிவு செய்வது யார்?

இதுவரை கண்ட 4, 10, 20 ஆகிய எண்கள் யாவும் ஒரே அமைப்பிலிருந்து பிறப்பவை. அதன் பெயர் 'வாட்ச்டாக் திரெஷ்'. அதன் இயல்பான மதிப்பு 10. வன்முடக்கத்தின் வரம்பு அதே 10 வினாடி. மென்முடக்கத்தின் வரம்பு அதன் இரு மடங்கு, அதாவது 20 வினாடி. அந்த 20ஐ ஐந்தால் வகுத்தால் வருவதே கடிகாரக் குறுக்கீட்டின் 4 வினாடி இடைவெளி. ஆகவே, எச்சரிக்கை எழுவதற்கு முன் சிறுவேலைக்குப் பல வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஒரு முறை தவறிவிட்டது என்பதற்காக எவர்மீதும் குற்றம் சுமத்தப்படுவதில்லை.

கணினியின் நிர்வாகி இந்த எண்ணை மாற்றலாம். இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே மாற்றலாம் என்பது இதன் சிறப்பு. எனினும், அவ்வாறு செய்த மாற்றம் கணினியை மீண்டும் இயக்கும்போது மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால் அமைப்புக் கோப்பிலும் எழுதி வைக்க வேண்டும். மதிப்பைச் சுழியமாக்கினால் காவல் முற்றிலும் நின்றுவிடும்.

வரம்பைக் குறைத்தால் முடக்கம் விரைவில் தெரியவரும் என்பது உண்மையே. ஆயினும், பொய் எச்சரிக்கைகளும் பெருகும். மெய்நிகர் கணினி இதற்குத் தக்க சான்றாகும். ஒரே வன்பொருளில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும்போது, பளு மிகுந்தால் அவற்றுள் ஒன்று சற்று நேரம் நிறுத்தி வைக்கப்படலாம். மீண்டும் அது விழித்தெழும்போது நேரம் பல வினாடிகள் கடந்திருக்கும். உள்ளே பிழை ஏதும் இல்லாவிட்டாலும் காவல்நாய் குரைத்துவிடும். எனவே, இத்தகைய இடங்களில் நிர்வாகிகள் வரம்பை உயர்த்தி வைப்பதுண்டு. மறுபுறம், வரம்பை மிகவும் உயர்த்தினால் உண்மையான முடக்கம் நெடுநேரம் மறைந்து கிடக்கும்.

காவலுக்கும் ஒரு விலை உண்டு. மறுக்க முடியாத குறுக்கீட்டை எழுப்ப, செயலியிலுள்ள அளவீட்டுக் கருவி ஒன்றை நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். சிறிதளவு மின்சாரமும் செலவாகும். அதனால், மடிக்கணினியின் மின்கலம் நீடிக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் அதை நிறுத்தி வைக்கின்றனர். நொடிப்பொழுதும் தடையின்றி ஓட வேண்டிய வேலைகளுக்கெனச் சில உள்ளகங்களை ஒதுக்கி, அவற்றில் மட்டும் காவலை விலக்கும் வசதியும் உண்டு.

எச்சரிக்கை எழுந்த பின்

முடக்கம் கண்டறியப்பட்டால் கணினி என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யலாம். எச்சரிக்கையை மட்டும் பதிவேட்டில் எழுதிவிட்டு இயங்க முயலலாம். அல்லது 'பேனிக்' என்னும் நிலைக்குச் சென்று எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். நிறுத்திய பின் எத்தனை வினாடியில் தானாக மீண்டும் இயங்க வேண்டும் என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. அதில் சுழியம் என்று எழுதியிருந்தால், மனிதர் ஒருவர் வரும் வரை கணினி அப்படியே காத்திருக்கும்.

எது சரியான முடிவு? அது பயன்பாட்டைப் பொறுத்தது. ஒரு வழங்கி நின்றால் மற்றொன்று உடனே பணியை ஏற்கும்படி இரண்டு வழங்கிகள் இணைக்கப்பட்டிருக்கலாம். அங்கே அரைகுறையாக உயிரோடு இருக்கும் வழங்கியைவிட முழுமையாக நின்றுவிட்ட வழங்கியே மேல். பள்ளியில் ஒரே ஒரு வழங்கிதான் உள்ளது என்றால், ஓர் உள்ளகம் சிக்கிக்கொண்ட உடனேயே அனைத்தையும் நிறுத்துவது மாணவர்கள் சேமிக்காத வேலைகளை அழித்துவிடும். அங்கே முதலில் எச்சரிக்கையைப் பதிவு செய்து காரணத்தைத் தேடுவதே முறை.

இனி, கெர்னலும் சேர்ந்து முற்றாக மடிந்துவிட்டால் எச்சரிக்கை எழுதுவதற்கே ஆளிருக்காது. அதனால்தான் பல கணினிகளில் தனிச் சில்லாக ஒரு வன்பொருள் காவலும் வைக்கப்படுகிறது. இயங்குதளம் குறித்த நேரத்திற்குள் அதற்கு 'நலமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லத் தவறினால் அச்சில்லு கணினியை மீண்டும் இயக்கிவிடும். இக்கருத்து புதியதன்று. 1969ஆம் ஆண்டில் மனிதரை நிலவுக்குக் கொண்டு சென்ற அப்போலோ விண்கலத்தின் கணினியிலும் இத்தகைய மின்சுற்று இருந்தது. பொறியியலாளர்கள் அதற்கு 'இரவுக் காவலர்' என்றே பெயரிட்டிருந்தனர்.

செவ்வாயில் நேர்ந்த சோதனை

காவல் ஏற்பாட்டின் பயனையும் எல்லையையும் உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்மையில் நடந்தது. 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயில் தரையிறங்கியது. அது வானிலைத் தரவுகளைத் திரட்டத் தொடங்கிய சில நாள்களில் அதன் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கணினியின் பொத்தானை அழுத்த ஆள் அனுப்ப முடியுமா?

அக்கலத்தில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் இயங்குதளம் இருந்தது. அதில் வேலைகளுக்கு உயர்வு, இடை, தாழ்வு என முன்னுரிமை வழங்கப்பட்டிருந்தது. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வானிலை வேலை, பொதுவான வளம் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தது. அந்த வளத்திற்காக உயர்ந்த முன்னுரிமை கொண்ட தரவு விநியோக வேலை காத்திருந்தது. இதற்கிடையில், இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட தகவல் தொடர்பு வேலைகள் வந்து வானிலை வேலையை ஒதுக்கித் தள்ளின. பூட்டைத் திறக்க வேண்டியவருக்கே முறை வரவில்லை. ஆகவே, முதன்மையான வேலையும் நின்றது. உரிய நேரத்தில் அவ்வேலை முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு கணினியை மீண்டும் இயக்கியது.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் கிளென் ரீவ்ஸ் தலைமையிலான மென்பொருள் குழுவினர், அதே போன்ற கணினியில் அதே பிழையை மீண்டும் உண்டாக்கிக் காரணத்தைக் கண்டுபிடித்தனர். பூட்டை வைத்திருக்கும் வேலைக்குக் காத்திருப்பவரின் உயர் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் வசதி விஎக்ஸ்வொர்க்ஸில் ஏற்கனவே இருந்தது. ஆனால், அந்த அமைப்பு இயக்கப்படாமல் இருந்தது. சிறு திருத்தம் ஒன்றைச் செவ்வாய்க்கு அனுப்பி அதை இயக்கினர். சிக்கல் தீர்ந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் இயங்கத் திட்டமிடப்பட்ட கலம், செப்டம்பர் இறுதி வரை தரவுகளை அனுப்பியது.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கலம் ஏவப்படுவதற்கு முன் நடந்த சோதனைகளிலேயே இப்பிழை தலைகாட்டியிருந்தது. ஆனால், மறுமுறை அதை வரவழைக்க முடியாததால் காரணம் அறியப்படவில்லை. அன்று பூமியில் தப்பிச் சென்ற பிழை, செவ்வாயில் வந்து கதவைத் தட்டியது.

காவலர் மருத்துவர் அல்லர்

மீண்டும் இயக்குவது நோயைக் குணப்படுத்துவதன்று. நோயாளியைப் பிழைக்க வைப்பது மட்டுமே. பாத்ஃபைண்டரைக் காவல் ஏற்பாடு காப்பாற்றியது. ஆயினும், எத்தனை முறை மீண்டும் இயக்கினாலும் பிழை அங்கேயே இருந்தது. பதிவுகளைப் பொறுமையாகப் படித்த மனிதர்களே அதை நீக்கினர்.

கணினி நிர்வாகி சிலர், எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்று கருதி வரம்பைச் சுழியமாக்கிவிடுவர். எச்சரிக்கை நின்றுவிடும், முடக்கம் நிற்காது. 10 என்னும் எண் இயற்கை விதியன்று. பொதுவான பயன்பாட்டுக்கு ஏற்றதென மனிதர்கள் தேர்ந்தெடுத்த எண். அதை 30 ஆக்குவதற்கும் 5 ஆக்குவதற்கும் தக்க காரணம் இருக்கலாம். அக்காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஏனெனில், நள்ளிரவில் அந்த எச்சரிக்கையைப் படிக்கப் போகிறவர் வேறொருவராக இருக்கக்கூடும்.

மணிக்கூண்டைக் கடந்து செல்பவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஒரு வினாடி போதும். இரண்டும் வேறு வேறு நேரம் காட்டினால், எது தவறு என்று நின்று கேட்பதற்குத்தான் மனம் வேண்டும்.

சிந்தித்து விடை கூறுக

1. மென்முடக்கத்திற்கும் வன்முடக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை அஞ்சலக எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குக.
2. 'வாட்ச்டாக் திரெஷ்' அமைப்பின் மதிப்பு 30 எனில், மென்முடக்க வரம்பு எத்தனை வினாடி? கடிகாரக் குறுக்கீடு எத்தனை வினாடிக்கு ஒருமுறை எழும்?
3. மருத்துவமனை ஒன்றில் இரண்டு வழங்கிகள் இணைந்து இயங்குகின்றன. முடக்கம் ஏற்பட்டால் வழங்கியை உடனே நிறுத்தும்படி அமைப்பது நன்றா? காரணத்துடன் கூறுக.
4. 'எச்சரிக்கை நின்றுவிடும், முடக்கம் நிற்காது.' இக்கூற்று உணர்த்தும் கருத்தை அன்றாட வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றுடன் தொடர்புபடுத்தி எழுதுக.